முதல் வகுப்புக்கு ஒரு வாரத் திட்டம்: ஒரு மரம், இரண்டு எழுத்து, ஐந்து வரை எண்

முதல் வகுப்புக்கு வாரத் திட்டம் எழுத உட்காரும் ஆசிரியர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, அந்த வாரத்தில் எவ்வளவு குறைவாகப் புதியதைச் சொல்லித்தரலாம் என்பதே. ஐந்து வயது நிறைந்து பள்ளிக்கு வந்திருக்கும் குழந்தைக்குத் திங்கள்கிழமை ஓர் எழுத்து, செவ்வாய்க்கிழமை இன்னோர் எழுத்து என்று நாளுக்கொன்றாக ஏற்றிக்கொண்டே போனால், வெள்ளிக்கிழமை ஐந்தாவது எழுத்து வரும்போது முதல் எழுத்து நினைவில் இராது. இடையில் காய்ச்சலாலோ ஊர்த் திருவிழாவாலோ இரண்டு நாள் வராமல் போன குழந்தைக்கு அந்த வாரமே கைவிட்டுப் போய்விடும். ஆகவே புதிய எழுத்து இரண்டு, பேசுபொருள் ஒன்று, ஐந்துக்கு உட்பட்ட எண்கள் என்று மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றையே பேச்சிலும் விளையாட்டிலும் கதையிலும் வரைதலிலும் வாசிப்பிலும் திரும்பத் திரும்பக் கொண்டுவரும் ஒரு வாரத்தை இங்கே விளக்குகிறேன்.

இது தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றின் முதல் வகுப்பை, அதுவும் ஜூலை மாதத்து வகுப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வாசிப்பிலும் கணக்கிலும் அடிப்படைத் திறன் தருவதற்காக 2022–23 கல்வியாண்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின்கீழ் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளின் குழந்தைகள் பெரும்பாலும் ஒரே அறையில் அமர்ந்து, அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளின்படி கற்கிறார்கள். முதல் வகுப்புக் குழந்தைகள் அரும்பு நிலையினர். ஈராசிரியர் பள்ளியில் இந்த மூன்று வகுப்பையும் ஒருவரே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதால், மூத்த குழந்தைகளுக்கும் அதே பேசுபொருளில் வேலை கிடைக்கும்படி திட்டம் இருப்பது நல்லது. ஆசிரியர் கையேட்டில் உள்ள பாடப்பகுதியை விட்டுவிட வேண்டும் என்று இங்கே சொல்லவில்லை. அதிலுள்ள செயல்பாடுகளை எந்த வரிசையில், எதை எதனோடு சேர்த்துக் கோத்தால் குழந்தையின் மனத்தில் தங்கும் என்பதே இங்குள்ள பேச்சு.

பேசுபொருளாக மரத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணங்கள் உண்டு. பள்ளி வளாகத்தில் ஒரு வேப்ப மரமாவது புங்க மரமாவது இருக்கும். இல்லாவிட்டாலும் தெருமுனையில் இருக்கும். ஜூலையில் வேப்பம்பழம் உதிர்ந்து தரையெங்கும் கொட்டை கிடப்பதால், எண்ணுவதற்கான பொருள் காசில்லாமல் கிடைக்கிறது. ஜூன் மாதத்தில் ட, ப ஆகிய இரண்டு எழுத்துகளும் அறிமுகமாகியிருக்குமானால், இந்த வாரத்துக்கான ம, ர ஆகியவை அவற்றோடு சேர்ந்ததும் மரம், படம், மடம், பட்டம், மட்டம், பம்பரம், ரம்பம் என்று ஏழு சொற்களைக் குழந்தையால் தானாகவே படித்துவிட முடியும். அகர வரிசையில் அ, ஆ என்று தொடங்கி உயிரெழுத்து பன்னிரண்டையும் முடித்த பிறகே மெய்க்கு வர வேண்டும் என்று வலியுறுத்துகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் அந்த வழியில் போகிற குழந்தை பல வாரங்களுக்கு ஒரு முழுச் சொல்லைக்கூடத் தானாகப் படித்த மகிழ்ச்சியை அறியாமல் இருக்கும் என்பதால், வடிவ ஒற்றுமையும் சொல் உருவாக்கும் வாய்ப்பும் உள்ள எழுத்துகளை முன்னே கொண்டுவருவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

முந்தைய வெள்ளிக்கிழமையே செய்துவைக்க வேண்டியவை

ஏழு சொற்களுக்கும் படம் ஒன்று, சொல் ஒன்று என்று மின்னட்டைகள், அதாவது சட்டென்று காட்டிப் படிக்கவைக்கும் அட்டைகள், தயாரித்துக்கொள்ள வேண்டும். ட, ப, ம, ர, ட், ம் ஆகிய எழுத்துகளைப் பழைய காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதி, குழுவுக்கு ஒரு கட்டாக வெட்டிவைக்க வேண்டும். ம், ப ஆகியவற்றில் கூடுதலாக இரண்டு மூன்று அட்டை இருக்கட்டும், ஏனெனில் பம்பரம் என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு ப-வும் இரண்டு ம்-உம் தேவைப்படுகின்றன. வன்பொருள் கடையில் கிடைக்கும் உப்புத்தாளை ம, ர வடிவங்களில் வெட்டி அட்டையில் ஒட்டிவைத்தால், குழந்தைகள் விரலால் தடவிப் பழகலாம். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி உலகெங்கும் பரப்பிய கருவி இது. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதவைத்ததும் இதே நோக்கத்தை நிறைவேற்றிய முறைதான். எனவே உப்புத்தாள் கிடைக்காத ஊரில் ஒரு தாம்பாளத்தில் சலித்த மணலைப் பரப்பிவைத்தால் போதும்.

ஐந்து புளியங்கொட்டைகள் கொண்ட சிறு டப்பாக்கள் இருவருக்கு ஒன்றாகவும், மூத்த வகுப்புகளுக்காகக் கழுவி உலர்த்திய வேப்பங்கொட்டை ஒரு பாத்திரமும் வேண்டும். சிறிய கொட்டைகளைக் குழந்தைகள் மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் ஆபத்து உண்மையானது. ஆகையால் முதல் வகுப்புக்குப் பெரிய புளியங்கொட்டையைக் கொடுத்து, செயல்பாடு முடிந்ததும் எண்ணித் திரும்பப் பெற வேண்டும். எண்ணித் திருப்பித் தருவதும் ஒரு கணக்குப் பாடமே என்பதால் இதற்குத் தனியாக நேரம் வீணாவதில்லை.

ஒவ்வொரு நாளின் வரிசை

ஐந்து நாளும் ஒரே வரிசையில் நடக்கட்டும்: முதலில் வட்டமாக அமர்ந்து பேசுதல், அடுத்து எழுத்தும் சொல்லும், இடைவேளைக்குப் பின் எண், மதிய உணவுக்குப் பின் கதை, கடைசியில் கைவேலையும் வெளி விளையாட்டும். அடுத்து என்ன வரும் என்று தெரிந்த குழந்தை பதற்றமின்றி இருக்கிறது. புதிதாகச் சேர்ந்து அழுதுகொண்டிருக்கும் குழந்தைகூட, கதை முடிந்தால் விளையாட்டு, விளையாட்டு முடிந்தால் அம்மா வருவார் என்று கணக்கிட்டுக்கொள்கிறது. அமர்ந்து செய்யும் எந்த வேலையும் பதினைந்து அல்லது இருபது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அதற்குமேல் போனால் வகுப்பை அமைதிப்படுத்துவதிலேயே ஆசிரியரின் ஆற்றல் செலவாகிவிடும்.

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவுபடுத்தப்பட்ட பிறகு, குழந்தைகள் பலர் மணி அடிக்கும் முன்பே வந்து, சாப்பிட்டுவிட்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரத்தைப் பேச்சுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். "இன்னைக்கு என்ன சாப்பிட்டே? வர்ற வழியில என்ன மரம் பார்த்தே?" என்ற இரண்டு கேள்விகளே போதும். குழந்தை எந்த மொழி வழக்கில் பதில் சொன்னாலும் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும். "எல" என்று சொல்கிற குழந்தையை நிறுத்தி "இலை என்று சொல்" என்று திருத்தினால், அது அடுத்த முறை வாயைத் திறக்கவே யோசிக்கும். ஆசிரியர் தம் பதிலில் "ஆமாம், இலை பச்சையாக இருக்கிறது" என்று நூல் வழக்கை இயல்பாகச் சேர்த்துச் சொல்லிவந்தால், கதை கேட்டும் பாடம் கேட்டும் குழந்தை அதைத் தானே பற்றிக்கொள்ளும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ இந்தியோ பேசும் குழந்தைகள் இருந்தால், மரத்துக்கு அவர்கள் வீட்டில் என்ன பெயர் என்று கேட்டு வகுப்பு முழுவதையும் அந்தச் சொல்லைச் சொல்லவைப்பது அவர்களுக்குப் பெரிய துணிவைத் தரும்.

திங்கள்: மரத்தடிக்குப் போவது

வாரத்தின் முதல் பாடம் அறைக்கு வெளியே நடக்கட்டும். மூன்று வகுப்புகளையும் மரத்தடியில் அமரவைத்து, ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு என்னென்ன ஒலி கேட்கிறது என்று கவனிக்கச் சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் தாம் கேட்ட ஒன்றைச் சொல்லலாம். பட்டையைத் தொட்டுப் பார்த்தல், இலையைக் கசக்கி முகர்தல், எறும்பு எங்கே போகிறது என்று பின்தொடர்தல், நான்கைந்து பேர் கைகோத்து மரத்தைச் சுற்றி வளைத்தல் ஆகியவற்றுக்குப் போதிய நேரம் கொடுக்க வேண்டும். வாரம் முழுவதும் வரப்போகும் பேச்சுக்கும் எழுத்துக்கும் இந்த அரை மணி நேரமே முதலீடு என்பதால், வெயிலையோ மற்ற வகுப்புகளின் சத்தத்தையோ காரணம் காட்டி இதைக் கைவிட வேண்டாம். திரும்பும்போது ஆளுக்கு ஓர் உதிர்ந்த இலை எடுத்து வரலாம். ஆனால் வீட்டிலிருந்து இலை கொண்டுவரச் சொன்னால் எருக்கும் அரளியும் வந்துவிடும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கடும் தீங்கு செய்யும், அரளி முழுச் செடியுமே நஞ்சு. அவ்வாறு சொல்ல நேர்ந்தால் எந்தெந்த இலை வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

அறைக்குள் வந்ததும் ம அறிமுகமாகிறது. எழுத்தைக் காட்டுவதற்கு முன் ஒலியைக் கேட்கவைக்க வேண்டும்: மரம், மணி, மயில், படி, மலை என்று ஆசிரியர் சொல்லச் சொல்ல, ம-வில் தொடங்கும் சொல்லுக்குக் கைதட்டி, தொடங்காத சொல்லுக்குக் கையைக் கட்டிக்கொள்ளும் விளையாட்டு இதற்குப் பொருத்தமானது. காது பழகிய பிறகு ப-வை எழுதி, அதன் வலப்பக்கக் கோட்டை உள்ளே வளைத்தால் ம ஆகிவிடுவதைக் கரும்பலகையில் காட்டலாம். எழுத்தை "மானா", "பானா" என்று பெயரிட்டு அழைக்கும் பழக்கத்தை முதல் சில மாதங்களுக்காவது தள்ளிவைப்பது நல்லது. பெயரைக் கற்ற குழந்தை மரம் என்ற சொல்லைக் கண்டதும் மானா, ரானா என்று தொடங்கிச் சொல்லைச் சேர்க்கத் தெரியாமல் நிற்கும், ஒலியைக் கற்ற குழந்தைக்கு அந்தத் தடை இல்லை.

கணக்கு வேளையில் ஐந்து புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணவைத்து, "மொத்தம் எத்தனை?" என்று கேட்க வேண்டும். சில குழந்தைகள் இந்தக் கேள்விக்குப் பதிலாக மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத்தின் அளவு என்பது அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை என்பதற்கு அது அடையாளம். இன்னும் சிலர், கொட்டைகளை அகலமாகப் பரப்பியதும் கூடிவிட்டதாகச் சொல்வார்கள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே விரிவாக ஆராய்ந்த இந்த இயல்பு அந்த வயதுக்குரியது. அதைத் தவறு என்று திருத்துவதைவிட, பரப்பியும் குவித்தும் பல முறை எண்ணிப்பார்க்க விடுவதே பயன் தரும்.

செவ்வாயும் புதனும்: சொல்லுக்குள் நுழைவது

செவ்வாய்க்கிழமை ர அறிமுகமாகிறது. கால் போன்ற வடிவின் அடியில் சாய்ந்த ஒரு சிறு கோடு இருக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டிவிட வேண்டும். பின்னர் துணைக்கால் வரும்போது இரண்டுக்கும் குழப்பம் நேரும் இடம் இது. ம, ர இரண்டையும் உப்புத்தாளிலும் மணலிலும் தடவிய பிறகு, சுவரின் அடிப்பகுதியில் குழந்தைகளுக்கென, முன்பிருந்த செயல்வழிக் கற்றல் முறையின் காலத்தில் அமைத்த தாழ்வான கரும்பலகைகள் இன்னும் இருக்குமானால், அவற்றில் பெரிதாக எழுதவைக்கலாம். நோட்டில் சிறிய கட்டத்துக்குள் ஒரு பக்கம் முழுவதும் ம எழுதிவரச் சொல்லும் வீட்டுப்பாடத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். விரல் தசை இன்னும் வலுப்பெறாத கைக்கு அது வலியைத்தான் கற்றுத்தருகிறது. களிமண் பிசைவதும் இலையைக் கிழித்து ஒட்டுவதும் அந்தக் கையை எழுதுவதற்கு ஆயத்தப்படுத்தும்.

புதன்கிழமை புள்ளிக்கு உரியது. மரம், படம், மடம் என்று மெல்லச் சொல்லும்போது முடிவில் உதடு மூடிக்கொள்வதைக் குழந்தைகள் தம் விரலை உதட்டில் வைத்தே உணரலாம். ம என்று சொன்னால் வாய் திறக்கிறது, ம் என்று சொன்னால் மூடியே இருக்கிறது. மூடியிருக்கும் ஒலிக்குத் தலையில் ஒரு புள்ளி என்று சொன்னால் மெய்யெழுத்துக்கு வேறு விளக்கம் இப்போதைக்குத் தேவையில்லை. இதன் பிறகு எழுத்தட்டைக் கட்டுகளைக் குழுக்களுக்குக் கொடுத்து, ஆசிரியர் சொல்லும் சொல்லை அடுக்கவைக்க வேண்டும். மரம், படம் ஆகியவற்றில் தொடங்கி, பட்டத்துக்கு வந்து, கடைசியில் பம்பரத்தை அடையலாம்.

பம்பரத்தில் ஆசிரியர் ஒன்றைக் கவனித்திருக்க வேண்டும்: அதன் முதல் ப அழுத்தமாகவும், ம்-ஐ அடுத்து வரும் ப மென்மையாகவும் ஒலிக்கிறது. படம், பட்டம் ஆகியவற்றின் ட-வுக்கும் இதே வேறுபாடு உண்டு. ஒரே எழுத்துக்கு இரண்டு ஒலி வருகிறதே என்று ஆசிரியர் அஞ்ச வேண்டியதில்லை. பம்பரம் என்ற சொல்லைப் பேச்சில் நன்றாக அறிந்த குழந்தை, எழுத்துகளைக் கூட்டியதும் சரியான ஒலிக்குத் தானே வந்துவிடும். வாசிக்கப்போகும் சொல் எதுவாயினும் முன்பே பேச்சில் பழகியிருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். ரம்பத்தை அறியாத குழந்தைகள் இருப்பார்கள். ஒரு தச்சர் வீட்டுக் குழந்தை வகுப்பில் இருந்தால் அதை விளக்கும் பொறுப்பை அந்தக் குழந்தையிடமே விட்டுவிடலாம்.

இந்த இரண்டு நாளும் கணக்கில் ஐந்தைப் பிரிக்கும் விளையாட்டு நடக்கட்டும். ஒத்தையா இரட்டையா விளையாட்டைப் போலவே, ஒருவர் ஐந்து கொட்டைகளில் சிலவற்றை மூடிய கையில் வைத்துக்கொண்டு மீதியைத் தரையில் வைக்க, மற்றவர் கையில் எத்தனை என்று சொல்ல வேண்டும். தரையில் இரண்டு என்றால் கையில் மூன்று என்பது நாளடைவில் எண்ணாமலே வரும். கூட்டலும் கழித்தலும் குறியீடுகளாக வரும்போது அவற்றுக்கான பொருள் குழந்தையின் கையில் ஏற்கெனவே இருக்கும். இதே நேரத்தில் இரண்டாம் வகுப்பினர் வேப்பங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணலாம். மூன்றாம் வகுப்பினர் கயிற்றால் மரத்தின் சுற்றளவை எடுத்துவந்து சாணிலும் முழத்திலும் பிறகு அளவுகோலிலும் அளந்து, ஒவ்வொருவரின் சாணும் ஏன் வெவ்வேறு விடை தருகிறது என்று பேசலாம்.

கதை

கதைக்கு வாரத்துக்கு ஒன்று போதும். அதையே ஐந்து நாளும் சொல்லலாம். வேப்ப மரத்தில் காக்கை கூடு கட்டுகிறது, அது இல்லாத நேரம் பார்த்துக் குயில் ஒன்று வந்து தன் முட்டையை அங்கே இட்டுவிட்டுப் போகிறது, காக்கை அதையும் சேர்த்தே அடைகாக்கிறது: இயற்கையில் உண்மையாகவே நடக்கும் இந்த நிகழ்ச்சிக்குள் ஓர் அணிலையும் சேர்த்துக்கொண்டால் கதை அமைந்துவிடும். முதல் நாள் ஆசிரியர் சொல்கிறார். இரண்டாம் நாள் பறவைகளின் குரலைக் குழந்தைகள் கொடுக்கிறார்கள். மூன்றாம் நாள் அங்கங்கே நிறுத்தி அடுத்து என்ன என்று கேட்கிறார். நான்காம் நாள் காகித உறையில் செய்த பொம்மைகளைக் கொண்டு அவர்கள் நடிக்கிறார்கள். ஐந்தாம் நாள் அவர்களே சொல்கிறார்கள். குஞ்சு குயிலின் குரலில் கூவியதும் காக்கை என்ன செய்தது என்பதை ஆசிரியர் முடிவு செய்யாமல் விட்டுவைத்தால், ஆளுக்கொரு முடிவு வரும். அவற்றைச் சொன்னபடியே, பேச்சு வழக்கு மாறாமல், விளக்கப்படத் தாளில் எழுதி மாட்டிவைப்பது, பேசுவதை எழுதிவைக்க முடியும் என்பதைக் குழந்தைகளுக்குக் காட்டும். இரண்டாம், மூன்றாம் வகுப்பினர் அந்த முடிவுகளைத் தாமே எழுதட்டும்.

வியாழன்: கைவேலை

வியாழக்கிழமை புதிதாக எதுவும் இல்லை. மரப்பட்டையின் மேல் தாளை வைத்து மெழுகு வண்ணக்குச்சியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் பட்டையின் கோடுகள் தாளில் ஏறும். அதைக் கிழித்து ஒட்டி அடிமரம் செய்து, இலைகளை ஒட்டி, மேலே மரம் என்று எழுதினால் அந்த வாரத்தின் படம் தயார். எழுதவராத குழந்தை எழுத்தட்டையைப் பார்த்து எழுதலாம், அல்லது ம மட்டும் எழுதலாம். ஆங்கில வேளைக்கும் மரத்தடியே போதும்: ஸ்டாண்ட், சிட், ஜம்ப், டச் த ட்ரீ என்று சொல்லச் சொல்லச் செய்துகாட்டும் விளையாட்டில் கேட்டுப் புரிந்துகொள்வது முந்துகிறது, பேச்சு தானாகத் தொடர்கிறது. மாலையில், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பூப் பூப்பதாக எண்ணிக்கொண்டே கைவளைவுக்குள் நுழைந்து ஓடும் விளையாட்டை ஐந்து குடத்தோடு நிறுத்தி மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினால், கணக்கு ஆட்டத்தோடு சேர்ந்துவிடுகிறது.

வெள்ளி: பார்த்துக் குறித்துக்கொள்வது

வெள்ளிக்கிழமை தேர்வு வேண்டாம். பழகிய செயல்பாடுகளையே குழந்தைகள் செய்யட்டும், ஆசிரியர் ஒரு நோட்டுடன் நடுவே நடந்து பார்க்கட்டும். குழந்தைகளின் முன்னேற்றத்தைக் கைபேசிச் செயலியில் பதிந்தாலும், இந்த நோட்டு தனியாக இருப்பது நல்லது, ஏனெனில் செயலி கேட்பது குழந்தை திறனை அடைந்ததா இல்லையா என்பதை. ஆசிரியருக்குத் தேவைப்படுவது எங்கே தடுக்கியது என்பது. மரம் என்ற சொல்லைப் படத்தோடு காட்டினால் சொல்லி, படமில்லாமல் காட்டினால் தயங்குகிறதா? ர-வையும் ட-வையும் மாற்றிச் சொல்கிறதா? ஐந்தை எண்ணும்போது ஒரு கொட்டையை இரு முறை தொடுகிறதா? வாரம் முழுவதும் ஒரு சொல்கூடப் பேசாத குழந்தை யார்? ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வரி எழுதினால் போதும். மூன்று நாளுக்கு மேல் வராதவர்களின் பெயர் தனியே இருக்கட்டும்.

அந்த நோட்டிலிருந்தே அடுத்த வாரம் உருவாகிறது. பெரும்பாலோர் படம் இல்லாமல் மரத்தையும் பட்டத்தையும் படித்துவிட்டால், துணைக்காலை எடுத்துக்கொண்டு பாடம், மாடம், பட்டாம்பூச்சியின் முதல் பாதி என்று போகலாம். எண்ணில் ஆறும் ஏழும் வரலாம். பாதிப் பேர் தயங்கினால் எழுத்தைக் கூட்டாமல் பேசுபொருளை மட்டும் மாற்றி, பட்டத்தையோ பம்பரத்தையோ மையமாக வைத்து அதே நான்கு எழுத்துகளை இன்னொரு வாரம் ஓட்டலாம். வராமல் போனவர்களைத் திங்கள் காலை உணவு முடிந்ததும், நன்றாகப் படிக்கும் ஒரு குழந்தையோடு இணைத்து எழுத்தட்டைகளோடு உட்காரவைக்க வேண்டும். மரத்தடிக்கு அவர்களை அழைத்துப் போகும் வேலையை மூன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம் ஒப்படைக்கலாம்.